குவளையின் அடியில் ஒரு ஒட்டு

பதுளையில் எங்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை மட்டும்தான். அந்தப் பக்கம் என் கணவர், இந்தப் பக்கம் நான். கல்யாணமாகி வந்து பதினோரு வருடமாக அந்தத் திரையை நான் தாண்டியதில்லை.

சீமைக்குத் திரும்பும் தோட்டத் துரைமார் விற்றுவிட்டுப் போகும் வெள்ளிக் கரண்டி, தட்டு, பொடி டப்பா எல்லாம் எங்களிடம்தான் வரும். காலி ஊரில் என் வாப்பாவுக்கும் இதே வியாபாரம் என்பதால் எனக்கு முத்திரை பார்க்கத் தெரியும். நடக்கிற சிங்கம் இருந்தால் அசல் வெள்ளி. பக்கத்து எழுத்து வருடத்தைச் சொல்லும். ஒரே எழுத்து பல காலத்தில் வரும், அதனால் அதைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். என் கணவருக்கு இது பிடிபடவே இல்லை. சாமானை உள்ளே கொண்டுவருவார், நான் சொல்வேன், வெளியே போய் அதையே சொல்வார். வெள்ளி பார்ப்பதில் அவருக்கு ஊவா மாகாணம் முழுக்கப் பெயர்.

மடுல்சீமைத் தோட்டத்துத் துரை ஒருவர் இரண்டு பிடி வைத்த குவளை ஒன்றை மதிப்புப் பார்க்கக் கொண்டுவந்தார். பாட்டனாரின் பாட்டனார் காலத்துச் சாமானாம். அடியில் முத்திரைகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கரண்டிக் காம்பில் இருப்பதுபோல நெருக்கமாக, ஒரே வரிசையில். சந்தேகப்பட்டு மூச்சை ஊதினேன். ஆவி படர்ந்ததும் முத்திரைகளைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது.

"இது ஒட்டுங்க. பழைய கரண்டியில இருந்து வெட்டி எடுத்துப் புதுக் குவளையில பதிச்சிருக்காங்க."

"துரை சந்தோஷமா நிக்கிறார். அவர்கிட்ட இத எப்படிச் சொல்றது?" என்றார் என் கணவர். வெளியே போய், "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும், துரை" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், பின்வாசலில் அந்தத் துரையின் மனைவி நின்றாள். கையில் அதே குவளை.

"உள்ள பாக்குறது நீதானே?" என்றாள். வேலைக்காரர்களிடம் கற்ற தமிழ். "அன்னிக்கு நானும் வந்தது. உன் புருஷன் திரைக்குள்ள போயிட்டு வந்துதான் பேசினது."

என் பதினோரு வருடத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை. மறைக்க முடியவில்லை. குவளையைக் கவிழ்த்து ஊதிக் காட்டினேன். அவளும் ஊதினாள், கோடு மறைந்ததும் மறுபடி ஊதினாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இத நான் தொடக் கூடாது. கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து துரை சொல்றது, நீ உடைச்சிடுவே" என்றாள்.

குவளை ஒட்டு என்று மனைவி ஊதிக் காட்டியிருக்க வேண்டும், துரை மறுநாளே கடைக்கு வந்து சத்தம் போட்டார். என் கணவர் என் பெயரைச் சொல்லவில்லை. துரை போனதும் தச்சனை வரவழைத்தார். சாயங்காலத்துக்குள் திரை இருந்த இடத்தில் பலகைச் சுவர் எழும்பிவிட்டது. மூன்று மாதம் ஒரு கரண்டிகூட உள்ளே வரவில்லை. என் கைகளுக்கு அடுப்பும் துணியும் மட்டுமே மிஞ்சின.

ஒருநாள் முற்றத்தைச் சுற்றி வந்து ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். பார்க்க மாட்டேன் என்று சொல்லத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் கை தானாகத் தட்டைத் திருப்பிவிட்டது.

"சொல்றேன். வெளியேயும் அதையே சொல்லணும்."

"சரி" என்றார்.

சொன்னேன். எடுத்துக்கொண்டு போனார். பலகையில் காதை வைத்து நின்றேன். பேச்சுச் சத்தம் வந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.