எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இங்கிலீஷ்

நான் இங்கிலீஷ் படித்தது ஆசையால் இல்லை, ஆத்திரத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் என் மகள் தன் தோழிகளிடம், "எங்கம்மாவுக்கு இந்த வயசுலயும் கத்துக்கிறதுல அவ்வளவு ஆர்வம்" என்று அளந்துகொண்டிருக்கிறாள். ஆர்வமாவது கத்தரிக்காயாவது.

காரைக்குடிக்கு வெளியே மானகிரியில், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், வெல்லப்பாகில் புரட்டுகிற மணகோலம், விரலில் சுற்றி எடுக்கிற சீப்புச் சீடை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானாக ஆரம்பித்த தொழில் இது. அப்போது வீட்டில் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஒரு கை பிடிக்கவும் வரவில்லை. இப்போது என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டில் கடை வைத்திருப்பவர்களும் கேட்க ஆரம்பித்தபோது, அவர்களோடு பேச ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் தம்பி இன்ஜினியரிங் படித்தவர். "நீங்க பலகாரத்தப் பாருங்க மதினி, பேச்ச நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஆஸ்திரேலியாவில் கடை வைத்திருக்கும் ஒரு வடநாட்டு அம்மா ஒரு நாள் வீடியோவில் வந்தார். பலகாரம் போடும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். கொழுந்தன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் முழுக்கச் சுற்றினார். அடுப்பைப் பற்றி ஒரு பேச்சு, முறுக்கு அச்சைப் பற்றி ஒரு பேச்சு, டப்பாவைப் பற்றிக்கூட நீளமாக ஒரு பேச்சு. கடைசியில் ஃபோனை என் பக்கம் திருப்பினார். எனக்கு மட்டும் ஒரே வார்த்தை. 'குக்' என்றார். அந்த அம்மா எனக்குக் கை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கும் அந்த வார்த்தை தெரியும். ஃபோன் வைத்ததும் கேட்டேன்.

"ஏன் தம்பி, சமையக்காரின்னா சொன்னீக?"

"அட, அது ஒரு பேச்சுக்குத்தான் மதினி. ஓனரே அடுப்படியில நிக்கிறாகன்னா, சின்ன யாவாரம்னு நெனச்சுருவாக."

"அப்ப ஓனரு யாருன்னு சொன்னீக?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். விளையாட்டுக்குத்தான் செய்தார், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் விளையாட்டுக் கோபம் இல்லை. என் கையால் வளர்ந்த தொழில், எனக்குப் புரியாத ஒரு பாஷையில் என் கண் முன்னாலேயே வேறு ஒருவருடையதாகிக் கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நான் கை வேறு ஆட்டியிருக்கிறேன்.

லீவில் வந்த மகளிடம், எனக்கு இங்கிலீஷ் வேண்டும் என்றேன். அவள் என் ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரு பொம்மைப் பெண் இருந்தாள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கை தட்டுவாள். தப்பாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவாள். பள்ளிக்கூடத்து டீச்சர்களைவிட எவ்வளவோ மேல், கிள்ளுவதில்லை.

தனியாக உட்கார்ந்து படிக்க எனக்கு ஏது நேரம்? எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்து மாடத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். அதுதான் வகுப்பு. நான் அச்சைப் பிழிந்துகொண்டே சொல்ல, சீடை சுற்றுகிற இரண்டு பெண்களும் கூடச் சேர்ந்து சொல்ல, எண்ணெய் எங்களைவிடச் சத்தமாகச் சொன்னது. பொம்மைப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. மறுபடி சொல், மறுபடி சொல் என்றாள். நாங்கள் மூன்று பேரும் கத்தினோம். "வேர் இஸ் தி ஏர்போர்ட்?" தெருவில் போனவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இங்கிலீசு படிச்சுக் கலெக்டராகவா போற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஆமா. ஆனதும் ஒங்களத்தான் மொதல்ல வேற ஊருக்கு மாத்துவேன்" என்றேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஏர்போர்ட்டு, ஓட்டல், காப்பிக் கடை எல்லாம் தாண்டிக் குடும்பப் பாடம் வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உன் கணவர் பெயர் என்ன என்று கேட்டாள் பொம்மைப் பெண். நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டுவேன், வாயால் சொல்லமாட்டேன். எங்கள் வீடுகளில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான். நான் பதில் சொல்லாமல் அந்தப் பொம்மை என்னை அடுத்த பாடத்துக்கு விடுவதாக இல்லை. நானும் சொல்வதாக இல்லை.

"ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லிட்டுப் போங்கக்கா" என்றாள் சீடை சுற்றுகிற பெண்.

"அடி போடி. ஊரான் பேரச் சொல்லி அவன எம் புருசன்னு சொல்லவா?"

வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை. "சொல்லித் தொலையேன், எனக்கென்ன கொறஞ்சா போகுது?" என்றார். மகள் ஃபோனில் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னம்மா நீ, சித்தப்பாகிட்ட அவ்வளவு ரோசப்படுற, இதுல மட்டும் பழங்காலமா இருக்க?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் எத்தனை பேர்! சித்தப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இப்போது ஃபோனுக்குள் இருக்கும் பொம்மையும். அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பது பயத்தினால் இல்லை, அது என் பழக்கம். விடுவதென்றால் எனக்குத் தோன்றும்போது நான் விடுவேன். ஒரு பாடம் நகர்வதற்காக விடமாட்டேன்.

ஒரு வாரம் பொம்மை அங்கேயே நின்றது. பிறகு ஒரு மத்தியானம், மாவு பிசைந்த கையோடு, அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மை ஹஸ்பண்ட் நேம் இஸ் ஹஸ்பண்ட்" என்றேன்.

கை தட்டினாள். அருமை என்றாள். திரையில் நட்சத்திரம்கூடக் கொட்டியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவுதானா? பெயரையா கேட்டாள், ஒரு சத்தம் வந்தால் போதும் என்றுதானே நின்றிருக்கிறாள். இவளுக்குப் போய் ஒரு வாரம் மரியாதை கொடுத்திருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் பாடத்தை நான் வரிசையாகப் படிக்கவில்லை. ஆப்பில் நாமாகப் பேசிப் பழகுகிற பகுதி ஒன்று உண்டு. அதற்குள் போய் எனக்கு வேண்டியதை நானே பேசினேன். எனக்கு எதற்கு ஏர்போர்ட்? இந்தச் சீடை கையால் சுற்றியது, இந்த வெல்லம் இந்த ஊரில் வாங்கியது, மழைக்காலத்தில் மணகோலம் சீக்கிரம் நமுத்துப் போகும். தப்புத் தப்பாகச் சொல்வேன், அது திருத்தித் திருப்பிச் சொல்லும். நான் படித்ததைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

வாய் அவ்வளவு திறக்கவில்லை, ஆனால் காது திறந்துவிட்டது. கொழுந்தன் ஃபோனில் பேசும்போது முன்பெல்லாம் மழைச் சத்தம் மாதிரி கேட்டது. இப்போது நடுவில் வார்த்தைகள் தெரிந்தன. இது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மறுபடியும் அந்த ஆஸ்திரேலியா அம்மா வீடியோவில் வந்தார். கொழுந்தன் பின்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் சட்டியில் தேன்குழல் திருப்பிக்கொண்டிருந்தேன். பெரிய ஆர்டர் என்பது புரிந்தது. மதுரைப் பக்கம் ஒரு ஃபேக்டரி என்பது புரிந்தது. மெஷினில் செய்தால் சீக்கிரம் முடியும், டப்பாவில் மட்டும் 'ஹேண்ட்மேட்' என்று போட்டு, இந்தச் சமையல்காரப் பெண்ணின் ஃபோட்டோவை ஒட்டிவிடலாம் என்றார் அந்த அம்மா. கொழுந்தன், "யெஸ் மேடம், நோ ப்ராப்ளம் மேடம்" என்றார்.

ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் போய் ஃபோனுக்கு முன்னால் நின்றேன்.

"நோ" என்றேன்.

ஆப் எனக்கு ப்ளீஸ் சொல்லிக் கொடுத்தது, சாரி சொல்லிக் கொடுத்தது, தயவுசெய்து முடியுமா என்று விதவிதமாகக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு பாடமும் வைக்கவில்லை. அதனால் இருந்ததை வைத்துச் சொன்னேன். "திஸ் இஸ் மை பிசினஸ். ஃபேக்டரி மேக், மை ஃபோட்டோ நோ. மை ஹேண்ட் மேக், மை ஃபோட்டோ யெஸ். ஸ்லோ. பட் ட்ரூ."

அந்த அம்மா என்னையும் கொழுந்தனையும் மாறி மாறிப் பார்த்தார். ஓனர் யார் என்று அவரிடம் கேட்டார். "நான்தான்" என்று நானே இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவு மெதுவாகச் செய்தால் தன் கடைக்குக் கட்டுப்படியாகாது என்றார் அந்த அம்மா. "ஓகே. தேங்க் யூ" என்றேன். அவரும் தேங்க் யூ சொன்னார். கோபமாகத் தெரியவில்லை. ஃபோன் கட்டாகிவிட்டது.

சட்டியில் இருந்த தேன்குழல் கருகிப் போயிருந்தது. கொழுந்தன் முகம் சிவந்துவிட்டது.

"என்ன மதினி இப்புடிப் பண்ணிட்டீக? மொகத்துல அடிச்சாப்புல! எம்புட்டுப் பெரிய ஆர்டர் தெரியுமா? நாலு மாசமா நான் பேசிப் பேசிக் கொண்டாந்தது. போச்சு."

"தெரியும் தம்பி. பெருசுன்னு எனக்கும் வெளங்குச்சு" என்றேன். "இதுவரைக்கும் வந்த ஆர்டரெல்லாம் நீங்க பேசி வந்தது. இல்லேங்கல. இது ஒண்ணு நான் பேசிப் போனது. போகட்டும்."

பலகார ஆர்டருக்கென்று வைத்திருந்த ஃபோன் அவர் கையில் இருந்தது. எண்ணெய்க் கையை நீட்டினேன்.

"அதக் குடுங்க. இனிமே நானே பேசிக்கிறேன்."