கடிதம் வந்ததா என்று கேட்டவர்

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு துணி வியாபாரி என்னைத் தேடி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றே சொன்னார். "ஞானம்மா அக்கா போயிட்டாங்க தம்பி. அஞ்சு நாள் காய்ச்சல். மருந்துக்கு அலைஞ்சோம், கிடைக்கலை." அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது. ஜப்பான்காரர்கள் சரணடைந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இனி யாருடைய சாவுச் செய்தியும் வராது என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஞானம்மா அக்காவை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் மாலை ஆறு மணிக்கு பாசாரிலோ காப்பிக் கடையிலோ ஒலிபெருக்கி அருகே நின்றிருந்தால், அந்தக் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பான்காரர்கள் நடத்திய வானொலியில் நானும் அக்காவும் பேசிய அரைமணி நேரத்துக்கு 'ஊர்ப்பேச்சு' என்று பெயர். சாக்கடை அடைப்பு, கொசு, அரிசி வரிசை, தண்ணீர்க் குழாய் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதுபோல் பேசுவோம். நான் போருக்கு முன் ஒரு ரப்பர் கிடங்கில் குமாஸ்தா. அவர் ரயில்வே குவாட்டர்ஸில் பிரசவம் பார்த்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வேலை தேடி ஒரே வாரத்தில் வானொலி நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம்.

என்ன பேச வேண்டும் என்பதை முன்னதாகவே எழுதிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். சரிபார்க்க ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பேசும்போதும் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து தாளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். அந்த விரல் நின்றால் தாளில் இல்லாததைப் பேசிவிட்டோம் என்று பொருள்.

அம்பாங் பக்கத்தில் ஒரு குடும்பம் கசப்பு மரவள்ளியைச் சரியாக வேகவைக்காமல் தின்று இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதைப் பற்றிப் பேச அக்கா எழுதித் தந்ததை மொழிபெயர்ப்பாளர் அடித்துவிட்டார். அரிசி இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அரிசி நிறைய இருக்குன்னே சொல்றேன் சார். ஆசைக்கு மரவள்ளி திங்கிறவங்க தோலை உரிச்சு, ஊறவச்சு, தண்ணிய கொட்டிட்டு அவிக்கட்டும்னு சேர்த்துக்கிறேன். அதுல என்ன தப்பு லா?" அவர் வேண்டா வெறுப்பாகக் கையெழுத்திட்டார். நான் வெளியே வந்து வியர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்தேன்.

நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரர்கள் காட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில்பாதைக்கு ஆள் எடுப்பது மும்முரமானது. மூன்று மாத வேலைதான், திரும்பி வந்துவிடலாம் என்ற பேச்சை நம்பி, கிள்ளான் தோட்டமொன்றில் வேலை செய்த அக்காவின் தம்பி சவரிமுத்துவும் ரயிலேறினான். ஆறு மாதமாகியும் ஒரு வரி வரவில்லை. அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: "அவனுக்கு எழுதத் தெரியும் தம்பி. அதான் பயமா இருக்கு."

ஒரு நாள் மேலிடத்திலேயே எழுதிய தாள்கள் எங்களுக்கு வந்தன. தோட்டத்து ஆண்கள் தயங்காமல் சயாமுக்குப் புறப்பட வேண்டும் என்று நாங்கள் பேச வேண்டும். போனவர்கள் நலமாக இருப்பதாக நான் சொல்ல, "அப்படியா, கேட்கவே நிம்மதியாக இருக்கிறது" என்று அக்கா மறுமொழி தர வேண்டும். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "தலைவலின்னு சொல்லிட்டுப் போயிடுங்க அக்கா" என்றேன். "நான் போனா வேற ஒருத்தி படிப்பா" என்றார்.

ஆறு மணிக்குத் தொடங்கினோம். என் வரியைச் சொன்னேன். அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார். "அப்படியா தம்பி? அவங்ககிட்டருந்து யாருக்காவது கடிதம் வந்துச்சா?"

கண்ணாடிக்கு அப்பால் விரல் நின்றுவிட்டது. வந்தது என்று சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். தாளைப் பார்த்தேன், அதில் அதற்கு வரி இல்லை. கிள்ளான் பாசாரிலும் செராஸ் காப்பிக் கடைகளிலும் அந்த மௌனம் கேட்டிருக்கும். கடைசியில், "எனக்குத் தெரிஞ்சு வரலை அக்கா" என்றேன். உடனே இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள்.

எங்களைத் தனித்தனி அறைகளில் விசாரித்தார்கள். என் அறையில் ஒரு ஜப்பானிய அதிகாரி மேசையில் வாளை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "இது ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமா?" என்னை யாரும் அடிக்கவில்லை, கை ஓங்கக்கூட இல்லை. "அவங்கதான் செஞ்சாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க தம்பி சயாமுக்குப் போயிருக்கான், அந்தக் கோபம்" என்றேன். அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்காவை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. வானொலியிலிருந்து நீக்கப்பட்டு கிள்ளானுக்குப் போய்விட்டார். நான் வேறொரு பெண்ணுடன் ஊர்ப்பேச்சைத் தொடர்ந்தேன். கொசுவைப் பற்றிப் பேசினேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்கும் துணிவு வந்தது. வீட்டில் நாலைந்து தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சயாமுக்குப் போன கணவன், பிள்ளை, தம்பி பெயர்களை அவர்கள் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டிருந்தார். அன்று ஒலிபெருக்கியில் கேட்டதும் தங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் ரப்பர்க் காட்டில் பதுங்கிவிட்டார்கள் என்றாள் ஒருத்தி. பிறகு லோரிகளில் வந்து பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதையும் அவளே சொன்னாள். எத்தனை பேர் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பெண்கள் போன பிறகு விசாரணையில் நான் சொன்னதைச் சொன்னேன். அக்கா வலது காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டார். "தெரியும் தம்பி. அன்னைக்கே அந்த மொழிபெயர்ப்புக்காரரு வந்து நீ சொன்னதைப் படிச்சுக் காட்டினாரு." பிறகு, "நீ பயந்து சொன்னே. நானும் உன்னைக் கேக்காமத்தானே அந்தக் கேள்வியைப் போட்டேன்? உன் உசிரையும் சேர்த்துல்ல வச்சேன்" என்றார். எனக்குத் தேநீர் என்று சொல்லி வறுத்த மரவள்ளித் தூளில் போட்ட ஏதோ ஒன்றைக் கொடுத்தார்.

போர் முடிந்ததும் சயாமிலிருந்து மிச்சமிருந்தவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அக்கா தன் பெயர்ப் பட்டியலோடு அவர்கள் கிடந்த கொட்டகைகளுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். விசாரிக்கப் போனவர் அவர்களுடைய புண்ணைக் கழுவவும் கஞ்சி ஊட்டவும் அங்கேயே தங்கிவிட்டார். சவரிமுத்து வரவில்லை. அவனைக் கண்டதாகச் சொல்லவும் ஒருவரும் இல்லை. அந்தக் கொட்டகையில்தான் அக்காவுக்குக் காய்ச்சல் தொற்றியது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய தைரியத்தை எழுதுவார்கள். அதில் பங்கு கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் எனக்குத் தந்த மன்னிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. குற்றத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டு அதைத் தந்தார். எடுத்துக்கொண்ட அந்தப் பாதியைத் திருப்பிக் கேட்க ஒருநாள் கிள்ளானுக்குப் போக வேண்டும் என்றிருந்தேன். இனி கேட்க ஆள் இல்லை; அந்தப் பாதியையும் நானேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.