பஸ் ஸ்டாப்பில் கேட்ட ஒரே கேள்வி

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு நஸ்ரினும் வந்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எந்தக் காலேஜில் கெமிஸ்ட்ரி சேரலாம் என்று என்னிடம் கேட்கச் சொல்லி அவள் அம்மா கூடவே ஏற்றிவிட்டார். நான் காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆச்சே.

ரேங்க், கட்டடம், வேலைவாய்ப்பு என்று ஆலப்பாக்கம் வரை பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்தாள்.

"ஆறு காலேஜ் பாத்துட்டேன் மாமா."

"ஆபீஸ்ல விசாரிச்சியா?"

"அங்க போனா ஏசி ரூம்ல உக்கார வெச்சி ஜூஸ் குடுக்குறாங்க. அதான் சாயங்காலம் காலேஜ் விடுற நேரத்துல பஸ் ஸ்டாப்ல போய் நிப்பேன். மூணாவது வருஷ அக்காங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இந்த வாரம் லேப்ல என்னா பண்ணீங்க?"

உடனே பதில் வந்தால் டிக். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் இன்ட்டு.

ஆய்வுக்கு வரும் பெரிய குழுக்கள் நாள் கணக்கில் ஃபைல் புரட்டியும் கண்டுபிடிக்காததை, இந்தப் பெண் ஒரே கேள்வியில் பிடித்துவிடுகிறாள்.

நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் எங்கள் காலேஜ். பக்கத்தில் இன்ட்டு.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. லேப் பூட்டியே கெடக்குன்னு சொல்லி அவுங்க சிரிச்சாங்க."

அந்த லேபுக்குப் பொறுப்பு நான்தான்.

நாளை காலை முதல் வேலை, சாவியைத் தேடுவது. என் மாணவிகள் யாராவது இதைப் படித்தால், அதைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.