யெல்லெ கேட்காத ரேடியோ

ஹார்லிங்கன் துறைமுகத்தில் இருபது வருடம் கப்பல் தகட்டில் ஆணி அறைந்து அறைந்து யெல்லெவுக்குக் காது போய்விட்டது. மனைவி பௌக்யாவுக்கோ பாம்புச் செவி. ரேடியோக்களை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி, நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் உத்தரவு போட்டபோது, அவள் பழுதான ஒன்றைக் கொடுத்து ரசீது வாங்கி வந்தாள். நல்ல ரேடியோ உருளைக்கிழங்குப் பெட்டிக்குள், கிழங்குக்கு அடியில் போயிற்று.

தினமும் மதியம் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டு லண்டன் செய்தி கேட்பாள். மற்றவர்கள் என்றால் காதோடு காதாகச் சொல்லிவிடலாம்; யெல்லெவுக்குச் சொன்னால் தெருவே கேட்கும். அதனால் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள்.

"நம்மள மீட்க எப்ப வர்றாங்களாம்? அதப் போடலியே?" என்பான் அவன்.

'அவசரம்னா நீயே போய்க் கூட்டிட்டு வா' என்று எழுதுவாள்.

நவம்பரில் ஒரு நாள், 'ரஷ்யர்கள் கீவைப் பிடித்துவிட்டார்கள்' என்று எழுதி முடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகள் தெரிந்தன. பௌக்யா பெட்டியை மூட ஓடினாள். யெல்லெ சட்டைக் கையால் சிலேட்டைத் துடைத்தான்.

இரண்டு சிப்பாய்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள்; கிழங்கோடு ரேடியோவும் வந்து விழுந்தது. கூட வந்த உள்ளூர்ப் போலீஸ்காரர் ஹோக்ஸ்ட்ரா, யெல்லெவின் காதருகே குனிந்து கத்தினார்.

"யாருதுய்யா இது?"

"என்னுது."

"காதே கேக்காதவனுக்கு ரேடியோ எதுக்குய்யா?"

"சத்தமா வச்சா கேக்கும்."

ஹோக்ஸ்ட்ரா திரும்பி பௌக்யாவைப் பார்த்தார். வாயைத் திறக்க வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை சிணுங்கியது. அவள் வாய் திறக்கவில்லை. யெல்லெ தொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனான்.

அவனை அடைத்துவைத்த முகாமிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. 'இங்கே ராத்திரியெல்லாம் அலறல் என்று மற்றவர்கள் தூங்குவதில்லை. எனக்கு அந்தத் தொல்லை இல்லை' என்று எழுதியிருந்தான். பிப்ரவரியில், வயிற்றுக்கடுப்பில் இறந்தான் என்று அச்சடித்த தாள் வந்து சேர்ந்தது.

போர் முடிந்த பிறகு ஊரார் கல் நட்டு அவன் பெயரைப் பொறித்து, வாத்தியம் வைத்து விழா எடுத்தார்கள். அஞ்சாமல் லண்டன் செய்தி கேட்ட வீரன் என்று ஒருவர் பேசினார். பௌக்யா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

"அவரு ரேடியோல ஒரு வார்த்தைகூட கேக்கல. கேட்டது நான். அன்னைக்கு வாயத் தொறக்காம நின்னதும் நான்தான்."

பேசியவர் வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினார். அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.