செல்வராணி டீச்சர் எடுத்த வகுப்பு

மதிய இடைவேளையில் கடலூரிலிருந்து செல்வராணி டீச்சரின் தங்கை போனில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க டீச்சர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." உடற்கல்வி ஆசிரியர் செல்வராணி அவர்கள் மறைந்துவிட்டார்.

2005இல், நான் ஆசிரியராக இருக்கும், சிதம்பரத்தை அடுத்த எங்கள் பள்ளிக்கு மாறுதலாகி வந்தவர். சேலைக்குக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். வந்த புதிதில், பஸ் நிறுத்தத்தில் ஒரு மாணவியின் துப்பட்டாவை இழுத்த பையனை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "சும்மா வெளாட்டுக்கு டீச்சர்" என்றான். அடி விழும் என்று எதிர்பார்த்தோம்.

"அவ சிரிச்சாளாடா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"ரெண்டு பேரும் சிரிச்சாதான்டா வெளாட்டு."

தலைமையாசிரியரிடம் வாதாடி வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை வாங்கினார். மாணவர், மாணவியர் இருபாலரையும் ஒன்றாக உட்காரவைத்து, எது கேலி, எது தொல்லை, யாராவது மிரட்டினால் யாரிடம் சொல்வது என்று கூச்சமில்லாமல் பேசினார். பெற்றோர் சிலர் சண்டைக்கே வந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

2009இல், பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி அவரிடம் வந்து அழுதாள். செல்போன் கடை இளைஞன் ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவதாக மிரட்டியிருக்கிறான். டீச்சர் அன்றே காவல் நிலையம் போனார். அவனும் பிடிபட்டான். ஆனால் அந்தப் பெண் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

அவளைத் திரும்ப அழைத்துவர டீச்சரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். "தெருவுல எல்லாரும் எம்பொண்ணத்தான் ஒரு மாதிரி பாக்குறாங்க. அவனை யாரு கேட்டா? படிச்ச வரைக்கும் போதும் டீச்சர்" என்றார் அவள் அம்மா. அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீச்சர் சொன்னார்: "வாயத் தொறந்து சொல்லுங்கன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். சொன்னா எப்படிக் கேக்கணும்னு பெத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டேனே."

மறு வருடம் கடலூருக்கு மாறுதல். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோரை அழைத்துப் பேச ஆரம்பித்தார். பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஒருமுறை போனில், "இன்னிக்கு ஒரு அப்பா வந்தாரு. ஒரே ஒரு அப்பா. ஆனா கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தாரு" என்று சந்தோஷப்பட்டார்.

செய்தி கேட்டு நான் போனபோது, கடலூர் வீட்டில் டீச்சரின் உடல் இருந்த பெட்டியருகே, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கிள்ளை மாணவிதான் என்று அவள் சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது.

"அன்னிக்கு டீச்சர் வந்தப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். வரேன்னு சொல்லணும்போல இருந்துச்சு. அப்பா இருந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப நம்ம ஸ்கூல்ல அந்த வெள்ளிக்கிழமைக் கிளாஸ யாரு எடுக்குறாங்க?"

"யாரும் எடுக்கலம்மா" என்றேன்.

நீங்கள் வீடு தேடிப் போய் அழைத்தவள் வந்துவிட்டாள், டீச்சர். பார்க்கத்தான் நீங்கள் இல்லை. போய் வாருங்கள்.