பென்சில் மட்டும்

நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன். புகழ்பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் ஒருவரின் கடிதங்களைப் பாதுகாக்கும், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள ஆய்வு நிலையத்துக்கு அந்தத் தகுதியோடுதான் சென்றேன். வாசலில் ஒட்டியிருந்த விதிகள் மாணவருக்கானவை என்று எண்ணி, அவற்றை நான் வாசிக்கவில்லை. அவருடைய கடிதமொன்றை முன்னே வைத்துக் குறிப்பெழுத மைப் பேனாவைத் திறந்தேன். மை கசிந்து விரலில் வழிந்தது. மேற்பார்வையாளர் எழுந்து வருவதற்குள், அங்கு பணியாற்றிய எங்களூர்ப் பெண் கடிதத்தை மெல்ல அப்பால் நகர்த்தினார்.

“ஐயா, இஞ்சை பென்சில் மட்டுந்தான். பேனையை என்னட்டைத் தாங்கோ. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, உங்கட இடம் அப்பிடியே இருக்கும்.”

இருந்தது, சீவிய பென்சிலும் இருந்தது. அவருக்கு இன்றும் நன்றியுடையேன். மொன்றியலில் எங்களவர் கூடும் கோயிலில் சிலர் சொல்வதுபோல் நான் வெளியேற்றப்படவில்லை. நிலையம் மூடும்வரை அங்கேயே இருந்து வாசித்தேன்.