ராசப்பண்ணனுக்கு வந்த அனுமதி

ராசப்பண்ணனின் கட்டட அனுமதிக்காக அலுவலக வராந்தாவில் நின்றிருந்தபோதுதான் அவர் மனைவி பாவாயி அக்கா அழைத்தார். "சாமி, இனி அங்க நிக்க வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரரு போயிட்டாருங்க." உள்ளே எழுத்தர் டீ குடித்துக்கொண்டே, "அந்தப் பெரியவர் ஃபைல்தானே சார், என்ன அவசரம்?" என்றார். அப்படியே இறங்கி அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ஓய்ந்தபின் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. மூட்டு இரண்டும் போய்விட்டதால் அக்கா படி இறங்க முடியாமல் அந்த மாடியிலேயே அடைந்து கிடந்தார். அவருக்காகத்தான் அண்ணன் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மனை வாங்கினார். "பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி. அவ வாசலுக்கு வந்து வெயில்ல உக்காரோணும். ஒரு படிகூட வெக்காதீங்க" என்றார். நான் கட்டடப் பொறியாளன். படிக்குப் பதில் சரிவுப் பாதை வைத்துப் படம் வரைந்து, அவர் பெயரில் விண்ணப்பித்தேன்.

மலையடிவாரம் என்பதால் இன்னொரு துறையின் சான்று கேட்டார்கள். அதைக் கொடுத்தால் தெருவின் அகலம் போதாது என்றார்கள். அதற்கும் பதில் சொன்னபோது, மனையைப் பார்க்க வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

"ஊரே கட்டிவிட்டுத்தான் அனுமதிக்கு அலையுது. கடைக்கால் தோண்டிரலாம் அண்ணா" என்றேன். "சாமிகிட்டப் பூக் கேட்டுட்டு வாரேனுங்க" என்று குலதெய்வக் கோயிலுக்குப் போனார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் தொடங்கலாம், சிவப்பு வந்தால் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த தடவை அலுவலகத்துக்குப் போனவர், பெருமையாக எழுத்தரிடமே சொன்னார்: "பூக் கேட்டுட்டேனுங்க. உங்க அனுமதி வாராம கடைக்கால் தோண்ட மாட்டேன்." நான் தலையில் அடித்துக்கொண்டேன். அட அண்ணா, அதைப் போய் அங்கே சொல்லலாமா? இந்த மனிதர் மீற மாட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய ஃபைலை ஒருவரும் தொடவில்லை.

பக்கத்து மனைக்காரர் எந்த அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அவரிடம் நோட்டீஸோடு ஓடினார்கள், அளந்தார்கள், அபராதம் போட்டார்கள், முறைப்படுத்தியும் கொடுத்தார்கள். அவர் வீட்டுப் புதுமனை விருந்துக்கு அண்ணன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். "இது என்ன நியாயம் அண்ணா?" என்று கேட்டேன். அண்ணனோ, "அவங்க நல்லா இருக்கட்டுமுங்க தம்பி. நம்முளுது வர்றப்ப வருமுங்க" என்றார்.

குறுகலான படியில் குளிர்பெட்டி ஏறாது என்று அண்ணன் உடலைக் கீழே கொண்டுவந்து கிடத்தினோம். பிறகு அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். வாசல் வெயிலில் அண்ணன் முகத்தைப் பார்த்து, "இதுக்குத்தான் என்னையக் கீழ எறக்குனீங்களா?" என்று அக்கா கதறியதை துக்கத்துக்கு வந்து அங்கே நின்ற நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

கருமாதி முடிந்தபின் அண்ணனின் கைப்பேசிக்கு அனுமதி வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். "இறந்தவர் பேர்ல இருக்கே சார். வாரிசுச் சான்று வாங்கிப் புதுசா போட்டுருங்க" என்றார் அதே எழுத்தர்.

அக்காவிடம் சொன்னேன். "அவரு பேருக்குத்தான வந்திருக்குது? அப்ப அவருகிட்டயே குடுத்துருங்க சாமி" என்றார். பிறகு, "நான் எந்தக் கோயில்லயும் பூக் கேக்கப் போறதில்லைங்க. நீங்க தோண்டுங்க" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அண்ணனின் பொறுமையைப் புகழ்ந்தீர்கள். எனக்கு அது வேண்டாம். அந்தப் பொறுமையைத்தான் அவர்கள் தின்று தீர்த்தார்கள். அவர் ஒருநாளும் படாத கோபத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நேற்று கடைக்கால் தோண்ட ஆள் விட்டாயிற்று. முதலில் அந்தச் சரிவுப் பாதையைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். இனி நோட்டீஸோடு ஓடி வரட்டும்.